ஐந்து மா நிலமும் ஓர் ஆகாய விமானமும்

சென்ற மாதம் திருத்துறைப்பூண்டிக்குச் சென்றிருந்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நமக்கு நெடுநாள் பழக்கமான விவசாயி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மேல்நிலைத் தேர்வில் கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் பெற்ற பெண். தந்தையின் கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட விளம்பரப் புத்தகம் ஒன்று இருந்தது.

"ஐயா, இவ பிளேன் ஓட்டணும்ங்குறா. பதினஞ்சு நாளைக்குள்ள முன்பணம் கட்டினா எடம் உறுதின்னு ஒருத்தர் போன்ல சொல்றார். மேலத்தெரு ஓரத்துல இருக்கிற அஞ்சு மாவையும் வித்துடலாமான்னு பார்க்குறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நம்மால் உடனே ஒரு வார்த்தை சொல்ல இயலவில்லை. நிலத்தை விற்க வேண்டாம், ஒரு மாதம் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை அவருக்காகவும், இதே கேள்வி நாளை எந்த வீட்டின் திண்ணையிலும் எழக்கூடும் என்பதற்காகவும் இந்த மாதப் பக்கத்தில் எழுதுகிறோம்.

"நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எட்டுமா?" என்று அந்தப் பெண்ணின் தாயார் கேட்டதாகவும் சொன்னார். அந்தக் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுவோம். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் பறந்துவந்தார் என்பது பலருக்குத் தெரியும். அந்தத் தபால் பம்பாயோடு நின்றுவிடவில்லை. நெவில் வின்சென்ட் என்பவர் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். டாட்டாவின் அந்த முதல் வழித்தடமே தமிழகத்தில்தான் வந்து முடிந்தது. 1949-இல் பெங்களூர் ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேறிய உஷா சுந்தரம், 1950-களின் தொடக்கத்தில் தம் கணவர் சுந்தரத்துடன் இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு ஒரு சிறு 'டவ்' விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டும் உண்டு. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கொச்சுத்துறை என்னும் கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த ஜெனி ஜெரோம், 2021 மே மாதத்தில் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த விமானத்தில் துணை விமானியாக அமர்ந்து தம் சொந்த மண்ணில் இறங்கினார். மீனவ மக்களின் ஊரிலிருந்து எழுந்த பெண் அவர். எட்டுமா என்னும் கேள்வியை இத்துடன் விட்டுவிடலாம். எப்படி எட்டுவது, எவ்வளவு செலவில், எந்த ஆபத்தோடு என்பனவே இனி நாம் பார்க்க வேண்டுவன.

விமான நிறுவனங்கள் சில, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞர்களைத் தாமே தேர்ந்தெடுத்து, ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, தேறியபின் தம் விமானத்திலேயே துணை விமானியாக அமர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. 'கேடட் பைலட்' திட்டம் என்பது இதுதான். இதில் சேராமல் தனியாக ஒரு பறக்கும் பள்ளியில் பயின்று உரிமம் பெற்றும் வேலை தேடலாம். எந்த வழியில் போனாலும் சட்டம் ஒன்றே. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்குப் பதினெட்டு வயது நிறைய வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். வான்வழி காணல், வானிலையியல், விமானச் சட்டங்கள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி என்று பழகிய நம் பிள்ளைகள் இந்த எழுபதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

நம் விவசாய நண்பர் செய்யவிருந்த பெரும் பிழை ஒன்று உண்டு. அவரைப் போலப் பலர் செய்வதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பணம் கட்டுவது முதலாவது, உடற்பரிசோதனை பின்னாலே என்று அந்தத் தொலைபேசிக்காரர் சொல்லியிருக்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியலை இயக்குநரகமே வெளியிட்டிருக்கிறது. அவர்களிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று முதலில் பெற வேண்டும். பிறகு முதல் வகுப்புச் சான்று, அது கடுமையானது. பெங்களூரிலுள்ள விமானப்படையின் வான் மருத்துவக் கழகம் போன்ற இடங்களில் அதைச் செய்கிறார்கள். இதயத் துடிப்பின் வரைபடம், இரத்தம், காது, நுரையீரல் என்று தலை முதல் கால் வரை பார்த்துவிடுகிறார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். கண்ணாடியால் பார்வை சரியாகிவிடுமானால் தடையில்லை. ஆனால் நிறக்குருடு இருந்தால் அநேகமாகக் கதவு அங்கேயே சாத்தப்படும்.

பலருக்குத் தமக்கு நிறக்குருடு இருப்பது ஆயுள் முழுதும் தெரிவதில்லை. புள்ளிகளால் நிறைந்த வட்டத்துக்குள் ஒரு எண்ணை ஒளித்து வைத்து, அதைப் படிக்கச் சொல்லும் அட்டைகளை ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்டார். இன்றுவரை உலகெங்கும் அவையே பயன்படுகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்கு அந்த எண் தெரியாது, அல்லது வேறு எண்ணாகத் தெரியும். ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இறங்கும் விமானிக்கு அவற்றில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் சரியான சாய்வில் வருகிறார் என்று பொருள். நான்கும் சிவப்பானால் அபாயகரமாகத் தாழ்ந்துவிட்டார். இரவில் எதிரே வரும் விமானத்தின் இடச் சிறகில் சிவப்பு, வலச் சிறகில் பச்சை; அதைக் கொண்டே அது எந்தப் பக்கம் போகிறது என்று அறிய வேண்டும். இவ்வளவும் கண்ணின் மேல் நிற்கிறது. உள்ளூர்க் கண் மருத்துவரிடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனைக்கு முன்னால், ஐந்து மா நிலத்துக்கு அச்சாரம் வாங்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அடுத்து, தேர்வு. இங்கே தான் பிள்ளைகள் மனம் கலங்குகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்துப் புர்சத்கஞ்சில் நடுவண் அரசின் இந்திரா காந்தி பறக்கும் அகாதெமி 1980-களின் நடுப்பகுதியிலிருந்து நடந்துவருகிறது. அங்கே சேர ஆங்கிலம், கணிதம், இயற்பியல், பொது அறிவு, பகுத்தாராய்தல் ஆகியவற்றில் பன்னிரண்டாம் வகுப்பின் அளவிலேயே எழுத்துத் தேர்வு. பின்னர் நேர்முகமும் விமானித் தகுதிச் சோதனையும். தனியார் நிறுவனங்களின் தேர்வில் எழுத்தைக் காட்டிலும் கணிப்பொறியின் முன் உட்கார்ந்து செய்யும் சோதனைகளே மிகுதி. கைப்பிடி ஒன்றை அசைத்துத் திரையில் ஓடும் புள்ளியைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அதே வேளையில் காதில் கணக்கொன்று கேட்பார்கள். கணக்குக்கு விடை சொல்லும்போது புள்ளி ஓடிவிடக் கூடாது. ஆறு எண்களைக் காட்டி மறைத்துவிட்டு, வேறு வேலை கொடுத்துவிட்டு, பிறகு அந்த எண்களைக் கேட்பார்கள். (கணிப்பொறி விளையாட்டு ஆடுகிற பையன்களைத் திட்டித் தீர்க்கும் தாய்மார்களுக்கு இது ஒரு சங்கடமான செய்திதான். ஆயினும் அந்த விளையாட்டு மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.)

மனக்கணக்கு பயில்வதற்குப் பட்டணத்துப் பயிற்சி நிலையம் எதுவும் வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்குப் பேருந்தில் போகிறாள் அந்தப் பெண். தொலைவு 28 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வானத்தில் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைல்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆகவே மன்னார்குடி 15 கடல் மைல். பேருந்து முக்கால் மணியில் போனால் அதன் வேகம் மணிக்கு 20 கடல் மைல், அதாவது 20 நாட். 420 நாட் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு ஒரு நிமிடத்தில் ஏழு கடல் மைல். மன்னார்குடி இரண்டே நிமிடம், சில நொடிகள். பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்து தாளும் எழுதுகோலும் இல்லாமல் இப்படி நாள்தோறும் பத்துக் கணக்குப் போட்டால் ஆறு மாதத்தில் வேகம் தானாக வரும்.

திசைக் கணக்கும் அப்படியே. வடக்கு 360 பாகை, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. எதிர்த்திசை வேண்டுமானால் 180 கூட்ட வேண்டும். விமானிகள் 200 கூட்டி 20 கழிப்பார்கள், மனத்துக்கு அது எளிது. 70 பாகைக்கு எதிர் 250. சென்னையின் பெரிய ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருப்பது இதனால்தான். கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டார்கள். திருச்சியில் 09, 27. அது நேர் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். இன்னொன்று: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 30,000 அடியில் வரும் விமானம் 90 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். தெற்கேயிருந்து சென்னைக்கு வருவதானால் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவிலேயே தாழத் தொடங்கிவிடுகிறது.

வானிலையியல் தாளைப் பற்றி நம் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதே இல்லை என்பது நம் துணிபு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது, காற்று ஒரு பக்கமாக வீசி, நடுவே ஓய்ந்து, மீண்டும் எதிர்ப்பக்கமாக வீசித் தென்னையைச் சாய்த்ததைக் கண்ணால் கண்டவர்கள் இவர்கள். புயலின் கண் என்று நூலில் படிக்கும்போது அது இவர்களுக்குப் படமாக இருக்காது.

ஆங்கிலம்தான் அந்தப் பெண்ணின் உள்ளத்தில் இருந்த உண்மையான அச்சம். தமிழ் வழியில் படித்தவள். "நான் பேசினால் சிரிப்பார்களோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இதற்கு நாம் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். 1996 நவம்பர் 12-ஆம் நாள் மாலையில் அரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். தில்லியிலிருந்து மேலெழுந்த சவூதி விமானம் 14,000 அடியில் இருந்தது. எதிரே வந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கக் கட்டளை. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் போதாமையும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இத்தகைய விபத்துகளின் பிறகே உலக விமானப் போக்குவரத்து அமைப்பு ஆங்கிலத் திறனை ஆறு படிகளாகப் பிரித்து, பன்னாட்டு வழித்தடங்களில் பறக்கும் விமானிக்குக் குறைந்தது நான்காம் படி வேண்டும் என்று விதித்தது. 2008 மார்ச் முதல் இது நடைமுறை. ஆகவே ஆங்கிலம் வேண்டியதில்லை என்று யாரேனும் ஆறுதல் சொன்னால் நம்பக் கூடாது.

ஆனால் அந்த நான்காம் படி கேட்பது இலக்கிய ஆங்கிலத்தை அல்லவே. தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம். கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவே. வானொலியில் பேசும் சொற்கள் அளவானவை, வகுக்கப்பட்டவை. எண்களைக்கூட ஒவ்வொன்றாகத்தான் சொல்வார்கள். இரைச்சலில் குழம்பாதிருக்க ஒன்பதை 'நைனர்' என்றும், மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஆங்கிலேயரையே மாற்றிச் சொல்ல வைத்திருக்கிறார்கள். கேட்ட கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. இதை வீட்டிலேயே பழகலாம். தம்பி ஓர் உயரம், ஒரு திசை, ஒரு வேகம் என்று மூன்று எண்களை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் படிக்கட்டும். அக்காள் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அரை நிமிடம் கழித்து மறுபடி கேட்கட்டும். செய்தித்தாளை நாள்தோறும் கால் மணி நேரம் உரக்கப் படிக்கட்டும். சிரிப்பவர்கள் சில நாளில் ஓய்ந்துவிடுவார்கள்.

நேர்முகத் தேர்வையும் குழு உரையாடலையும் பற்றிச் சொல்ல வரும்போது, பெற்றோர்களாகிய நம்மைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1977 மார்ச் 27-ஆம் நாள் கனாரித் தீவுகளில் ஒன்றான தெனெரீப்பில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 உயிர்கள் போயின. விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் அத்தனை பேரைக் கொண்டுபோன விபத்து வேறில்லை. கே.எல்.எம். நிறுவனத்தின் மூத்த தலைமை விமானி அனுமதி கிடைக்குமுன் புறப்பட்டுவிட்டார். எதிரே மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று உடனிருந்த பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் விமானிகளுக்கு ஒரு புதிய பாடம் சேர்ந்தது. தலைவர் தவறும்போது இளையவர் தெளிவாகவும் மரியாதையாகவும் விடாமலும் எடுத்துச் சொல்ல வேண்டும்; தலைவர் அதைக் கேட்க வேண்டும். தேர்வாளர்கள் தேடுவது இந்தக் குணத்தையே. குழுவில் உரக்கப் பேசி மற்றவரை அடக்குகிறவன் தேறுவதில்லை; வாயே திறவாதவனும் தேறுவதில்லை. "நீ செய்த தவறு ஒன்றைச் சொல்" என்று கேட்பார்கள். தவறே செய்ததில்லை என்கிற பிள்ளையை அவர்கள் நம்புவதில்லை. நம் வீடுகளிலோ, 'பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே' என்றுதான் வளர்க்கிறோம். அந்தத் தந்தையிடம் நாம் கேட்டோம்: "நீங்கள் வரப்பில் தவறாக மடை வெட்டினால் இவள் சொல்வாளா?" அவர் சிரித்தார். பெண் மெல்ல, "சொல்லியிருக்கேன். அப்பா கேக்கல. தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடுச்சு" என்றாள். நேர்முகத் தேர்வில் இதையே சொல் என்றோம்.

இனிப் பணம். அமேதி அகாதெமியில் கட்டணமே அரைக்கோடி ரூபாயை ஒட்டி வருகிறது. தனியார் நிறுவனத் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தாண்டிவிடுகிறது. ஐந்து மாவையும் விற்றால் இதில் எவ்வளவு தேறும் என்று கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மீதிக்கு வங்கிக் கடன். அவ்வளவு பெரிய கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். பயிற்சியும் விளம்பரத்தில் போட்ட காலத்தில் முடிவதில்லை. மழை, மூடுபனி, விமானப் பற்றாக்குறை என்று 200 மணி நேரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிடுவதுண்டு. உரிமம் கையில் வந்தபின்னும், பெரிய விமானம் ஒவ்வொரு வகைக்கும் தனித் தகுதி பெற மேலும் பல இலட்சங்கள் வேண்டும்.

வேலை உறுதி என்னும் சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். திட்டத்தின் ஒப்பந்தத்தில் 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்னும் சொற்கள் எங்கேனும் ஒளிந்திருக்கும். கிங்பிஷர் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. அதற்கிடையே 2020-இல் பெருந்தொற்று வந்து உலகத்து விமானங்களையெல்லாம் தரையில் நிறுத்தியது. அப்போதெல்லாம் உரிமத்தோடும் கடனோடும் வீட்டில் உட்கார்ந்த இளைஞர்கள் உண்டு. மறுபக்கமும் உண்மையே: இந்தியாவில் விமானப் பயணம் பெருகிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு விமானிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்கள். உலகச் சராசரியைப்போல் இது மும்மடங்கு. அந்தப் பெண்ணின் ஆசையில் பிழையில்லை. அவசரப்படுத்தும் தொலைபேசிக் குரலில்தான் பிழை.

எனவே நாம் அவரிடம் சொன்ன வரிசை இது. முதலில் மருத்துவம். அதன்பின் அரசு அகாதெமியின் எழுத்துத் தேர்வுக்கு ஓராண்டு படிப்பு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு அங்கே இட ஒதுக்கீடு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஓராண்டில் அருகிலுள்ள கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ பட்டப்படிப்பில் சேர்ந்துவிடலாம். வானம் கைகூடாவிட்டாலும் கையில் ஒன்று இருக்கும். நிறுவனத் திட்டம் எதிலேனும் தேர்வானால், ஒப்பந்தத்தை நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். பள்ளி அங்கீகாரம் பெற்றதா என்பதை இயக்குநரகத்தின் பட்டியலில் பார்க்க வேண்டும். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

இந்தப் பக்கத்தை எழுதுமுன் தந்தையும் மகளும் தஞ்சாவூருக்கு வந்தார்கள். கண் மருத்துவரிடம் நாமே அழைத்துச் சென்றோம். புள்ளி அட்டைகளை மருத்துவர் ஒவ்வொன்றாகக் காட்ட, பெண் தயக்கமின்றிப் படித்துக்கொண்டே போனாள். பின்னால் நின்ற தந்தை எட்டிப் பார்த்தார். "இதுல நம்பர் எங்கம்மா இருக்கு?" என்றார். எல்லோரும் வேடிக்கை என்று நினைத்தோம். மருத்துவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மறுபடி காட்டினார். முதல் அட்டையைத் தவிர வேறெதிலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அன்றுதான் அவருக்குத் தமக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிவதில்லை என்று தெரிந்தது. ஆண்களுக்கே இது மிகுதி என்றும், மகளுக்கு அந்தக் குறை இல்லை என்றும், அவள் வழியாகப் பேரனுக்கு வரக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் அவர் நெடுநேரம் பேசவில்லை. தலைக்கு மேலே விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய சுகோய் ஒன்று இடிபோல் முழங்கிச் சென்றது. மகள் அண்ணாந்து பார்த்தாள். அவர் கைத்தொலைபேசி மறுபடி ஒலித்தது. எடுத்து, "இப்ப விக்கிறதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள்.